ஜோ மொரெல்லோ என்னும் தாள ஆசான்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் இசையைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றவேண்டும் என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். இசை என்றவுடன் திருவையாற்று மகானைப் பற்றியோ, சீர்காழி மூவரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞரின் வாழ்க்கை. இதைக் கேட்டவுடன் முன்வரிசையில் இரண்டொருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் காண்கிறேன். லேக் மார்க்கெட் அருகே ஒரு பெரியவரிடம் மிருதங்கம் பயின்றவன், இந்தச் சங்கத்தின் மேடையில் பல ஆண்டுகள் பஜனைக்கு வாசித்தவன், முதுமைக் காலத்தில் ஏன் வழி மாறினான் என்று நீங்கள் ஐயுறுவது இயல்பே. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து என் பேரன் வந்திருந்தான். அவனுக்கு வயது 11. ஒரு நாள் மாலை அவன் தன் தந்தையின் கைப்பேசியில் ஒரு மேல்நாட்டு இசைத்தட்டை ஒலிக்கவிட்டு, மேசையின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். "தாத்தா, இதற்கு நாலு நாலாக எண்ணினால் எங்கேயோ விட்டுப் போகிறது. இது என்ன தாளம்?" என்று கேட்டான். நான் அசட்டையாகத்தான் செவிமடுத்தேன். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அது தானாகவே தொடைமேல் தாளம் போடத் தொடங்கியது. ஐந்து எண்ணிக்கை. தகிட தக, தகிட தக. நம் கண்ட சாபுவில் இரண்டு முன்னும் மூன்று பின்னுமாக வரும். இதில் மூன்று முன்னே வந்து இரண்டு பின்னே நின்றது. "அடே, இது நம் வீட்டுப் பிள்ளைதான், சட்டையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!" என்றேன். பேரன் சிரித்தான். அந்தப் பாட்டின் பெயர் 'டேக் ஃபைவ்' என்றும், அதற்கு டிரம்ஸ் வாசித்தவர் ஜோ மொரெல்லோ என்றும் அவனே எனக்குச் சொன்னான்.

அன்று தொடங்கி அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க எனக்கு வியப்பு மிகுந்தது. அவ்வரலாற்றில் நம் கல்கத்தா இருந்தது. நம் சென்னை இருந்தது. நம் தமிழகத்து மிருதங்க வித்துவான் ஒருவர் இருந்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, நான் என் வீட்டில் செய்த ஒரு பிழைக்கு விளக்கமும் அதில் இருந்தது. ஆகவே இதனை உங்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

ஜோ மொரெல்லோ 1928ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. மற்றச் சிறுவர்களைப் போல் ஓடியாட இயலாத குழந்தைக்குப் பொழுதுபோக்காகவும் துணையாகவும் அமைந்தது இசை. ஆறாம் வயதில் கையில் வயலின் ஏந்தினார். ஒன்பதாம் வயதிலேயே பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு சேர்ந்து மெண்டல்சனின் வயலின் இசைப்படைப்பை வாசித்தார் என்றால், அக்குழந்தையின் திறமை எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் பதினைந்தாம் வயதில் ஒரு திருப்பம் நேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் அவர்களைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. அவருடைய வில்லிலிருந்து எழுந்த நாதத்தைக் கேட்ட இளைஞன், இந்த நாதம் என் கைக்கு ஒருநாளும் வராது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டான். வயலினைக் கீழே வைத்தான். முரசுக் குச்சிகளைக் கையில் எடுத்தான். ஒன்பது ஆண்டுகள் பயின்ற கலையை ஒரு பிள்ளை விட்டுவிட்டால் பெற்றோர் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை நாம் அறிவோம். எனினும் பயின்ற எதுவும் வீண்போவதில்லை. மொரெல்லோவின் டிரம்ஸ் வெறும் ஓசையாக இராமல் பாடுவதுபோல் ஒலிப்பதற்கு அந்த வயலின் பயிற்சி அடித்தளமாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

டிரம்ஸ் என்பது ஒரு கருவி அன்று. பல கருவிகளின் கூட்டம். வலக் காலால் மிதித்தால் பெருமுரசு அதிரும். இடக் காலால் மிதித்தால் இரண்டு வெண்கலத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும். இரு கைகளிலும் உள்ள குச்சிகள் சிறுமுரசையும், பக்கத்து முரசுகளையும், தொங்கும் தட்டுகளையும் மாறி மாறித் தொடும். மிருதங்க வித்துவான் தம் பத்து விரல்களுக்குள் அடக்குவதை, இவர்கள் இரண்டு கை, இரண்டு கால் என நான்கு உறுப்புகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனிக் கணக்கில் நடக்கவேண்டும். நான்கும் ஒரே மனத்துக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

இக்கலையில் மொரெல்லோவுக்கு வாய்த்த ஆசிரியர்களுள் தலையாயவர் பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் என்பவர். ஸ்டோன் 1935இல் 'ஸ்டிக் கன்ட்ரோல்' என்னும் பாடநூலை வெளியிட்டார். வலக்கை அடி, இடக்கை அடி இவ்விரண்டை மட்டும் பலவாறு மாற்றி மாற்றிக் கோத்த பயிற்சிகள் அவை. ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் 20 தடவை வாசித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும் என்பது அவர் விதி. தத்-தித்-தொம்-நம் என்னும் நான்கு சொற்களை மாதக்கணக்கில் அடித்துக் கை வீங்கிய நம்மவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். ஸ்டோன் கொடுத்த பாடங்களை மாணவர் மொரெல்லோ அப்படியே வாசிக்காமல், அடிகளுக்கு இடையே ஆங்காங்கே அழுத்தங்களைச் சேர்த்து வாசித்துக் காட்டினார். 'நான் எழுதியதை வாசி' என்று ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் புதுமையைக் கருத்தூன்றிக் கேட்டார். அதனையே அடிப்படையாகக் கொண்டு 1961இல் 'அக்சென்ட்ஸ் அண்ட் ரீபவுண்ட்ஸ்' என்னும் இரண்டாவது நூலை எழுதி, அதனைத் தம் மாணவருக்கே காணிக்கையாக்கினார். மாணவனிடம் கற்றுக்கொள்ளும் ஆசிரியரே மாணவனை ஆசிரியனாக ஆக்குகிறார். மொரெல்லோ பிற்காலத்தில் எத்தகைய ஆசானாக விளங்கப்போகிறார் என்பதற்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

1952இல் அவர் நியூயார்க் சென்றார். சில ஆண்டுகளில் பியானோக் கலைஞர் மரியன் மெக்பார்ட்லண்ட் அம்மையாரின் குழுவில் வாசித்துப் பெயர் பெற்றார். 1956இல் டேவ் புரூபெக் என்னும் பியானோக் கலைஞர் தம் குழுவுக்கு அவரை அழைத்தார். மொரெல்லோ உடனே இசைந்துவிடவில்லை. உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் பின்னால் மறைந்து உட்கார்ந்து மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தனியாக வாசிக்க இடம் தருவீர்களா என்று கேட்டார். தனி ஆவர்த்தனம் கேட்டார் என்றே நாம் கொள்ளலாம். புரூபெக் ஒப்புக்கொண்டார். முதல் நாள் கச்சேரியிலேயே மொரெல்லோவின் தனி முடிந்ததும் அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்டுக்கு இது பிடிக்கவில்லை. அவர் இருந்தால் நான் இல்லை என்று முறுக்கிக்கொண்டார். புரூபெக் அசையவில்லை; மொரெல்லோ இருப்பார் என்று சொல்லிவிட்டார். நாளடைவில் டெஸ்மண்டின் மனம் மாறியது. இருவரும் உற்ற நண்பர்கள் ஆயினர். பின்னாளில் உலகெலாம் பரவிய அந்த ஐந்தெண் தாளப் பாட்டை மொரெல்லோவின் தனி வாசிப்புக்கென்றே இயற்றியவர் இதே டெஸ்மண்ட்தான்! மேடைப் பகையை மேடையே தீர்த்து வைத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை புரூபெக் குழுவினரைக் கலைத் தூதுவர்களாகப் பல நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. அது இரு வல்லரசுகள் உலக நாடுகளின் நட்பைத் தேடிப் போட்டியிட்ட காலம். தூதர்களால் ஆகாததை இசைக் கலைஞர்கள் செய்வார்கள் என்று அரசு நம்பியது. அக்குழுவினர் போலந்துக்கும் துருக்கிக்கும் சென்று, பின்னர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தனர். பம்பாயில் சிதார் மேதை அப்துல் ஹலீம் ஜாபர் கானோடு புரூபெக் இசைத்துப் பார்த்தார். சென்னையில் மொரெல்லோவுக்கு வாய்த்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

பழனியாரைப் பற்றி இங்குள்ள மூத்தோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மரபில் வந்தவர் அவர். தந்தை முத்தையா பிள்ளையும் லய வித்துவானே. பழனியார் இடக்கைப் பழக்கம் உள்ளவர். மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கி இருத்தல் வேண்டும் என்பது மேடை வழக்கு. ஆதலால் இடக்கைக்காரர் அமர்ந்தால் மிருதங்கமும் வயலினும் இடம் மாறவேண்டும். இதற்கு இசையாத பக்கவாத்தியக்காரர்கள் இருந்தனர். அதனால் அவருக்குக் கிடைக்கவேண்டிய கச்சேரிகள் பல தடைப்பட்டன. செம்பை வைத்தியநாத பாகவதர்தாம் அவரைக் கைதூக்கி விட்டவர். வித்தை இருக்கும்போது கை எதுவாக இருந்தால் என்ன என்று அவர் பழனியாருக்காகத் துணிந்து நின்றார்.

அன்பர்களே, அந்தச் சந்திப்பை நான் மனக்கண்ணால் பல முறை பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் கண் பழுது. மற்றவரை இடக்கை என்று உலகம் ஒதுக்கியது. ஒருவர் குச்சிகளை ஏந்தியவர். மற்றவர் விரலே துணையாகக் கொண்டவர். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் இருவரும் உட்கார்ந்து வாசித்தார்கள். தத்தம் நாட்டில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அவ்விருவருக்கும் இடையே எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

அப்பயணத்தில் நம் கல்கத்தாவிலும் அக்குழுவினர் வாசித்தனர். ஜாஸ் இசைக்கு இந்நகரம் புதியது அன்று. இரண்டாம் உலகப்போரின்போது கிராண்ட் ஓட்டலில் டெடி வெதர்ஃபோர்டு என்னும் கறுப்பினப் பியானோ மேதை இசைத்து வந்தார். அவர் 1945இல் வாந்திபேதி கண்டு இந்நகரிலேயே உயிர்நீத்தார். போருக்குப் பின் பார்க் தெருவின் உணவு விடுதிகளில் மாலைதோறும் ஜாஸ் முழங்கிற்று. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணியாகிய உஷா அவர்கள், இன்று உஷா உதுப் என்று நாடறிந்தவர், 1969இல் அத்தெருவின் டிரிங்காஸ் விடுதியில் பட்டுச் சேலையும் நெற்றிப் பொட்டுமாக நின்று மேல்நாட்டுப் பாட்டுப் பாடியதும் இந்நகரம் கண்ட காட்சியே.

நாடு திரும்பியபின், அதே 1958இல், புரூபெக் குழுவினர் அப்பயணத்தின் நினைவாக ஆறு பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். அதில் ஒரு பாட்டின் பெயர் 'கல்கத்தா புளூஸ்'. ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும் அப்பாட்டில் புரூபெக்கின் இடக்கை தம்பூராவின் சுருதிபோல் ஒரே இடத்தில் நின்று ஒலிக்கிறது. மொரெல்லோ என்ன செய்தார் தெரியுமா? குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். டிரம்ஸை வெறுங்கையால், விரல்களால் வாசித்தார். பதினைந்து ஆண்டுகளில் ஈட்டிய தன் வித்தையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, கண்டுவந்த நாட்டின் முறையை ஒரு மாணவனைப்போல் கையாண்டு பார்த்த அந்தப் பணிவே என்னைக் கவர்ந்தது. இன்று இரவே வீட்டில் அதனைக் கேட்டுப் பாருங்கள். அது மிருதங்கம் ஆகாது, தபலாவும் ஆகாது. ஆயினும் கேட்டவற்றை மறவாத ஒரு கை அதில் பேசுகிறது.

அடுத்த ஆண்டு, 1959இல், பதிவான 'டைம் அவுட்' என்னும் இசைத்தட்டு அக்குழுவின் புகழை உச்சிக்குக் கொண்டுசென்றது. அதுவரை ஜாஸ் இசை பெரும்பாலும் நான்கெண் நடையிலேயே போய்க்கொண்டிருந்தது. இதிலோ துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பதெண் நடையில் ஒரு பாட்டு; ஐந்தெண் நடையில் 'டேக் ஃபைவ்'. 1961இல் ஏழெண் நடையில் 'அன்ஸ்கொயர் டான்ஸ்' வந்தது. அது கைதட்டலோடு கூடியது. கடைசியில் பாட்டைப் பிசகாமல் முடித்துவிட்ட மகிழ்ச்சியில் மொரெல்லோ சிரிக்கும் சிரிப்பும் அதில் பதிவாகியுள்ளது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் ஆகிய மூன்றையும் அந்நாட்டு மக்கள் வியந்து வியந்து கேட்டனர். நம் வீட்டுப் பாட்டியர் கண்ட சாபுவிலும் மிச்ர சாபுவிலும் அமைந்த பாடல்களை அடுப்படியில் எவ்வித ஆரவாரமும் இன்றிப் பாடிக்கொண்டிருந்தனர். இதனைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. நம்மிடம் இருப்பது எத்துணை அருமையானது என்பதைப் பிறர் தேடிப் பெறும்போதுதான் நாம் உணர்கிறோம். 'டேக் ஃபைவ்' 10 இலட்சத்துக்கு மேல் விற்பனை ஆயிற்று.

1967ஆம் ஆண்டின் இறுதியில் புரூபெக் குழு கலைந்தது. அப்போது மொரெல்லோவுக்கு வயது 39. புகழின் உச்சியில் இருந்தவர். விரும்பியிருந்தால் வேறு குழுக்களோடு உலகைச் சுற்றியிருக்கலாம். ஆனால் அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கற்பிப்பதற்கே ஒதுக்கினார். ஊர் ஊராகச் சென்று மாணவர்களைக் கூட்டிச் செயல்முறை விளக்கம் அளித்தார். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு தேடிவந்தவர்களுக்குப் பாடம் சொன்னார். 1983இல் 'மாஸ்டர் ஸ்டடீஸ்' என்னும் பயிற்சி நூலை வெளியிட்டார். 2006இல், தம் 78ஆம் வயதில், அதன் இரண்டாம் பாகத்தையும் தந்தார்.

அவர் கற்பித்ததன் சாரம் மிக எளியது. குச்சியை அடக்கி ஆளாதே. அது தோலில் பட்டுத் தானாக மேலெழும். அந்த எழுச்சியைத் தடுக்காமல் விடு. கை இறுகினால் வேகம் போகும், நாதமும் கெடும். தளர்ந்த கையே நெடுந்தூரம் செல்லும். இதனை நான் படித்தபோது, என் ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து உதறிவிட்டு, "விட்டு அடி, கட்டி அடிக்காதே" என்று சொன்னது நினைவுக்கு வந்து கண்கள் பனித்தன. எழுபது ஆண்டுக்காலம் கடல் கடந்து போனாலும் வித்தை ஒரே சொல்லைத்தான் சொல்கிறது.

1976இல் மொரெல்லோவுக்கு இருந்த சிறிதளவு பார்வையும் முற்றிலும் போயிற்று. வழிகாட்டும் நாய் ஒன்று அவருக்குத் துணையாயிற்று. கண்ணில்லாதவர் மாணவனின் கையை எவ்வாறு பார்த்துத் திருத்துவார் என்று கேட்கலாம். அவர் காதால் பார்த்தார். அடியின் ஓசையிலிருந்தே கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று கண்டுகொள்ளும் நுட்பம் நல்ல லய ஆசிரியர் எவருக்கும் உண்டு. அவரிடம் பயின்ற மேக்ஸ் வைன்பெர்க் அமெரிக்காவின் பெரும்புகழ் வாய்ந்த ராக் இசைக்குழு ஒன்றில் இடம்பெற்றார். டேனி காட்லீப் என்னும் மற்றொரு மாணவர், 1980களில் ஜான் மெக்லாக்ளினோடு இணைந்து வாசித்தார். அந்த மெக்லாக்ளின்தான் 1970களில் நம் கடம் விக்கு விநாயக்ராம் அவர்களோடு 'சக்தி' என்னும் குழுவை அமைத்தவர். 1958இல் சென்னையில் தொட்ட கை, எங்கெங்கோ சுற்றி மீண்டும் தமிழகத்தின் கையைத் தொட்டதுபோல் தோன்றுகிறதல்லவா? 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், 82ஆம் வயதில் மொரெல்லோ காலமானார்.

நிற்க. பழனியாரின் பக்கம் என்ன நடந்தது? அவர் 1962இல் மறைந்தார். அவருடைய மாணவர்களுள் ஒருவர், பாலசரஸ்வதி அம்மையாரின் இளவல் டி. ரங்கநாதன். அவர் 1963இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மிருதங்கம் கற்பித்தார். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே 1970களில் எட் பிளாக்வெல் என்னும் பெரும் ஜாஸ் டிரம்ஸ் கலைஞரும் ஆசிரியராக அமர்ந்தார். பழனியாரின் மற்றொரு மாணவரான திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோ நகருக்குச் சென்று யார்க் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். 2011இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. மேடையில் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஊரார் தகராறு செய்த ஒருவரின் பாணி, வேற்று மொழி பேசும் பிள்ளைகளின் விரல்களில் ஏறி நிலைபெற்றுவிட்டது. தம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அப்பெருமக்கள் கதவைச் சாத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

கதவைச் சாத்தியவன் ஒருவன் இங்கே நிற்கிறான். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பள்ளித் தோழன் ஒருவன் வீட்டில் டிரம்ஸ் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, எனக்கு இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று கேட்டான். "பயில்வதானால் மிருதங்கம் பயில், இல்லையேல் ஒன்றும் வேண்டாம்" என்றேன். அவன் ஒன்றும் வேண்டாம் என்பதையே ஏற்றுக்கொண்டான். மறுபடி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் மிருதங்கத்தின் பக்கமும் வரவில்லை. நம் மரபைக் காப்பதாக எண்ணினேன். மரபு எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை அறுந்ததுதான் மிச்சம். சென்ற பூஜையில், பேரனும் நானும் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை என் மகன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

பெரியோர்களே! நாம் இந்த வங்க மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம். நம் பிள்ளைகளின் காதுகளைச் சற்று எண்ணிப்பாருங்கள். காலையில் வீட்டில் சுப்ரபாதம்; பக்கத்து வீட்டில் இரவீந்திர சங்கீதம்; தெருவில் கீர்த்தனக்காரரின் ஸ்ரீகோல். அந்தக் கோலின் உடல் மண்ணால் ஆனது. மிருதங்கம் என்னும் சொல்லின் பொருளும் மண்ணுடல் என்பதே. பூஜைக்கு முன்னால் கிராமங்களிலிருந்து வந்து சியால்தா நிலையத்தின் வெளியே கூடி நின்று வாசிக்கும் டாக்கிகளைப் பாருங்கள். மெல்லிய குச்சிகளால் அவர்கள் எழுப்பும் அதிர்வு எந்த டிரம்ஸுக்குக் குறைந்தது? இத்தனை தாளங்களுக்கு நடுவே வளரும் பிள்ளையிடம் ஒன்றை மட்டும் கேள், மற்றதைக் கேளாதே என்று சொல்வது நடவாத காரியம். எல்லாவற்றையும் கேட்கட்டும். ஆனால் எண்ணத் தெரிந்து கேட்கட்டும். அந்த எண்ணிக்கையை, தகதிமியை, தகிடவை நாம் கொடுத்துவிட்டால், பிறகு அவர்கள் குச்சி எடுத்தாலும் விரல் வைத்தாலும் நம் பிள்ளைகளாகவே வாசிப்பார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடந்துவந்த மிருதங்க வகுப்பில் சென்ற ஆண்டு மூன்றே பிள்ளைகள் இருந்தனர். இவ்வாண்டு அதனை நிறுத்திவிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. நிறுத்தவேண்டாம் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதனை முதலில் கொன்னக்கோல் வகுப்பாகத் தொடங்குவோம். அதற்குக் கருவி வேண்டாம்; வாயும் கையும் போதும். டிரம்ஸ் பயிலும் பிள்ளை வரட்டும். தபலா பயிலும் பிள்ளை வரட்டும். நம் குடியிருப்பின் வங்காளிக் குழந்தைகளும் வரட்டும். ஊதியம் கொடுத்து ஆசிரியர் அமர்த்த நிதி இல்லையெனில், பெரிய வித்துவான் அல்லேன் ஆயினும், முதற்பாடம் சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். பார்வை முழுதும் இழந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் கற்பித்தார். கண்ணும் கையும் நன்றாக உள்ள நான் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உட்காரமாட்டேனா?

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்கத்தின் கூடத்தில் பாய் விரித்திருக்கும். என் மகனிடமும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது பேரனை மட்டும் அனுப்பாமல் அவனும் வந்து உட்காரவேண்டும் என்று. "பார்க்கலாம் அப்பா" என்றான். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானது.